காந்த ஏடும் மூன்று ஆசிரியர்களும்



சட்டக் காந்தத்தை இரண்டாக உடைத்தால் இரண்டு காந்தங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் வடமுனையும் இருக்கும், தென்முனையும் இருக்கும். தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்காத ஆசிரியர் இருக்க முடியாது. சொல்லி முடித்த உடனேயே வகுப்பில் யாராவது ஒரு மாணவர் அடுத்த கேள்வியைத் தொடுத்துவிடுவார்: "இப்படியே உடைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும், ஐயா?"

"அணு வரைக்கும் காந்தந்தான்" என்று ஒற்றை வரியில் விடை சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்கு நானும் பல முறை போயிருக்கிறேன். அந்த விடை முழு உண்மையன்று என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். காந்தத்தைத் துண்டு துண்டாக உடைப்பது ஒன்று. பனையோலைச் சுவடியிலிருந்து ஏடுகளைப் பிரிப்பதுபோல மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக உரித்துக்கொண்டே போவது மற்றொன்று. கடைசியில் ஒரே ஓர் ஏடு, அதாவது நீளமும் அகலமும் உண்டு, தடிமன் என்று சொல்ல ஓர் அணுவடுக்குதான் உண்டு என்ற நிலை வரும்போது, அந்த ஏடு காந்தமாக இருக்குமா? இருக்காதா?

இந்த எளிய வினாவின் வரலாறு 1920இல் செருமனியில் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தெளிவான விடை கிடைத்தது 2016, 2017ஆம் ஆண்டுகளில்தான். இடைப்பட்ட வரலாற்றில் பேரறிஞர்கள் பலர் வருகிறார்கள். ஆனால், என்னைக் கவர்ந்தவர்கள் மூன்று பள்ளிக்கூடத்து மனிதர்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

சபைக்கூடலில் ஓர் ஒழுங்கு

முதலில் காந்தம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இரும்பிலுள்ள ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். அவையெல்லாம் ஒரே திசையை நோக்கி நின்றால் அந்த இரும்புத் துண்டு காந்தமாகிறது. ஆளுக்கொரு திசையை நோக்கி நின்றால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடுகிறது.

பள்ளித் திடலில் நடக்கும் சபைக்கூடலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவரும் தம் பக்கத்தில் நிற்பவரை மட்டுமே பார்க்க முடியும். அவர் நோக்கும் திசையையே தாமும் நோக்க வேண்டும் என்பது விதி. இடையிடையே குறும்புக்காரர்கள் திரும்பி நிற்பார்கள். அந்தக் குறும்புதான் வெப்பம். குறும்பு குறைவாக இருக்கும்வரை திடல் முழுவதும் ஒரே திசையை நோக்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் ஒழுங்கு முற்றாகக் குலையும். அந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். இரும்புக்கு அது ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. ஒவ்வோர் அணுவும் அண்டை அணுவோடு மட்டுமே உறவாடுகிறது. அப்படியிருக்க, கோடானுகோடி அணுக்களுக்கு அப்பால் இருக்கும் ஓர் அணுவும் இதே திசையை நோக்குவது எப்படி? பக்கத்து வீட்டாரோடு மட்டும் பேசும் மக்களிடையே நாடு முழுவதும் ஒரே கருத்து எப்படி உருவாகிறது என்று கேட்பது போன்ற வினா இது.

ஐசிங்கின் கணக்கு

பின்னர் ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரான வில்ஹெல்ம் லென்ஸ் 1920இல் இதற்கு எளிய கணித வடிவம் ஒன்றை முன்வைத்தார். அதனைத் தம் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கொடுத்தார். ஐசிங் 1900ஆம் ஆண்டு கொலோன் நகரில் பிறந்தவர், யூதக் குடும்பத்தவர். அவர் ஆராய்ந்த கணக்கில் அணுக்காந்தங்கள் மேலே அல்லது கீழே என இரண்டு திசைகளையே நோக்க முடியும். பக்கவாட்டில் சாய்வதற்கு இடமில்லை.

1924இல் முடித்த ஆய்வேட்டில் ஐசிங் ஒற்றை வரிசை அணுக்களுக்குத் துல்லியமான விடை கண்டார். அது 1925இல் கட்டுரையாக வெளிவந்தது. விடை: ஒற்றை வரிசையில் காந்தம் பிறக்காது. காரணத்தை நம் சபைக்கூடலிலேயே காணலாம். ஒற்றை வரிசையின் நடுவில் ஒருவர் திரும்பி நிற்க, அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துத் திரும்பிவிட்டால், விதி மீறப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். வரிசை எவ்வளவு நீண்டாலும் அந்த முறிவுக்கு ஆகும் ஆற்றல் மாறுவதில்லை. ஆனால், முறிவு நிகழக்கூடிய இடங்களோ எண்ணற்றவை. ஆகவே சிறிது வெப்பம் இருந்தாலும் வரிசை துண்டு துண்டாகிவிடும்.

இதுவரை ஐசிங் சொன்னது சரி. அதற்குப் பிறகு அவர் ஒரு படி கூடுதலாகப் போனார். முப்பரிமாணத்திலும் இந்தக் கணக்கால் காந்தத்தை விளக்க முடியாது என்று முடிவு கட்டினார். அது தவறு. ஆயினும் அன்று பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1928இல் வெர்னர் ஹைசன்பர்க் காந்தத்திற்குப் புதிய விளக்கம் எழுதியபோது, ஐசிங்கின் கணக்கு தோற்றதைக் குறிப்பிட்டுவிட்டே தம் வழியைத் தொடங்கினார். ஹைசன்பர்க்கின் கணக்கில் அணுக்காந்தங்கள் எந்தத் திசையிலும் திரும்பலாம்.

ஐசிங் ஆய்வுலகை விட்டு விலகிப் பள்ளி ஆசிரியரானார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் வேலையை இழந்தார். 1934இல் போட்ஸ்டாம் நகருக்கு அருகிலுள்ள காப்புத் என்னும் ஊரில், அரசுப் பள்ளிகளிலிருந்து துரத்தப்பட்ட யூதப் பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் அதன் தலைமையாசிரியரானார். 1938 நவம்பரில் நாடெங்கும் யூதர்கள் தாக்கப்பட்டபோது அந்தப் பள்ளியும் அழிக்கப்பட்டது. மறு ஆண்டு ஐசிங் மனைவியோடு லக்சம்பர்க்கிற்குத் தப்பிச் சென்றார். அங்கே ஆடு மேய்த்தார். இருப்புப்பாதை வேலை செய்தார். செருமானியப் படை அந்நாட்டையும் பிடித்தபோது, படைக்காகக் கட்டாய வேலை செய்ய நேர்ந்தது. 1947இல்தான் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடியேற முடிந்தது.

தாம் எழுதிய அந்த ஒரு கட்டுரை உலகப் புகழ் பெற்றுவிட்டதை அவர் 1949இல்தான் அறிந்தார். அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவர் பெயரைத் தாங்கிய கணக்கை உலகின் தலைசிறந்த மூளைகள் ஆராய்ந்துகொண்டிருந்தன.

ஏட்டில் ஒழுங்கு உண்டு

1936இல் ருடால்ஃப் பையர்ல்ஸ் என்னும் அறிஞர் ஐசிங்கின் முடிவைத் திருத்தினார். இவரும் செருமனியிலிருந்து வெளியேறி இங்கிலாந்தில் வாழ்ந்த யூதர். ஒற்றை வரிசைக்கும் தட்டையான பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவர் சுட்டிக்காட்டினார். திடலின் நடுவே ஒரு கூட்டம் மட்டும் திரும்பி நிற்பதாகக் கொள்வோம். அந்தக் கூட்டத்தின் எல்லைக்கோடு முழுவதிலும் விதி மீறப்படுகிறது. கூட்டம் பெருகப் பெருக எல்லையும் நீள்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றலும் ஏறுகிறது. ஆகவே போதிய குளிரில் பெரிய கூட்டங்கள் தோன்ற முடியாது. ஒழுங்கு நிலைத்து நிற்கும். அதாவது, மேல் கீழ் என்ற இரு திசைகளே உள்ள கணக்கில், ஒற்றை ஏடும் காந்தமாக முடியும்.

எந்த வெப்பநிலையில் அந்த ஒழுங்கு குலையும்? 1941இல் ஹென்றிக் கிராமர்ஸ், கிரிகோரி வான்னியர் இருவரும் அந்த வெப்பநிலையைக் கணித்தார்கள். 1944இல் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லார்ஸ் ஒன்சாகர் இருபரிமாண ஐசிங் கணக்கையே முழுமையாகத் தீர்த்துக் கட்டுரை வெளியிட்டார். 1948இல் கோர்னல் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டமொன்றில் அவர் எழுந்து, வெப்பம் ஏற ஏறக் காந்தவலிமை எப்படிக் குறையும் என்ற சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினார். எப்படிக் கண்டார் என்று எழுதி வெளியிடவில்லை. நிறுவலை வெளியிட்டவர் யாங் சென்னிங்; ஆண்டு 1952. விடையை மட்டும் எழுதி வழிமுறையைக் காட்டாத மாணவர்களிடம் நாம் கடிந்துகொள்கிறோம்; ஒன்சாகரை என்ன செய்வது!

இல்லை என்றது மற்றொரு கணக்கு

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால், உண்மையான அணுக்காந்தங்கள் மேல் கீழ் என்ற இரு திசைகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று யார் சொன்னது? ஹைசன்பர்க் கூறியபடி அவை எல்லாத் திசைகளிலும் விருப்பம்போல் திரும்பினால்?

1966இல் டேவிட் மெர்மின், ஹெர்பர்ட் வாக்னர் இருவரும் இதற்கு உறுதியான நிறுவல் ஒன்றைத் தந்தார்கள். எல்லாத் திசைகளும் சமமாக இருந்து, அணுக்களின் உறவு அண்டைத் தொலைவுக்குள் அடங்கியிருந்தால், தனிச்சுழி வெப்பநிலைக்குச் சற்று மேலே போனாலும் இருபரிமாண ஏட்டில் காந்த ஒழுங்கு நிற்காது.

சபைக்கூடலுக்கே திரும்புவோம். இப்போது மாணவர்கள் முற்றாகத் திரும்ப வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைவிட மயிரிழை அளவு சாய்ந்தால் போதும். எவரும் விதியை மீறியதாகத் தோன்றாது. ஆனால், திடலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வருவதற்குள் திசையே தலைகீழாகிவிடும். இத்தகைய நீண்ட அலைகளை உண்டாக்க மிகச் சிறிய ஆற்றல் போதும். முப்பரிமாணப் பொருளில் அண்டை அணுக்கள் மேலும் கீழும்கூட இருப்பதால் ஒழுங்கு தாக்குப்பிடிக்கிறது. ஒற்றை ஏட்டுக்கு அந்தத் துணை இல்லை.

ஆக, இரண்டு கணக்குகள், இரண்டு விடைகள். ஐசிங்கின் கணக்குப்படி ஏடு காந்தமாகும். ஹைசன்பர்க்கின் கணக்குப்படி ஆகாது. இரண்டிற்கும் நடுவே மூன்றாவது வகையும் உண்டு. அணுக்காந்தங்கள் ஏட்டின் தளத்திற்குள் மட்டும் கடிகார முள்போலச் சுழல முடிந்தால் என்ன ஆகும்? முழு ஒழுங்கும் இல்லாமல், முழுக் குலைவும் இல்லாமல் விந்தையான ஓர் இடைநிலை அங்கே உருவாகும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் நாட்டின் வாடிம் பெரெசின்ஸ்கியும், 1973இல் இங்கிலாந்தில் மைக்கேல் கோஸ்டர்லிட்ஸும் டேவிட் தௌலஸும் இதைக் காட்டினார்கள். பின்னவர்கள் இருவரும் 2016இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பெரெசின்ஸ்கி 1980இலேயே மறைந்துவிட்டார்.

இயற்கை அடுக்கி வைத்த சுவடிகள்

கணக்குகள் ஒருபுறம் இருக்க, ஓர் அணுவடுக்கை அந்நாளில் யாராலும் தனியே எடுக்க முடியவில்லை. ஆகவே ஆய்வாளர்கள், இயற்கையிலேயே ஏடு ஏடாக அமைந்த படிகங்களை நாடினார்கள். பொட்டாசியம் நிக்கல் புளோரைடு அவற்றுள் ஒன்று. அதில் நிக்கல் அணுக்கள் தளந்தளமாக அமைந்துள்ளன. இரு தளங்களுக்கு இடையே காந்தமற்ற அடுக்குகள் இருப்பதால், ஒரு தளத்தின் காந்த விளைவு அடுத்த தளத்தை அரிதாகவே எட்டுகிறது.

1969இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் பிர்கனோவும் குழுவினரும் இப்படிகத்தின்மீது நியூட்ரான்களைச் செலுத்தி ஆராய்ந்தார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனால் அதுவும் ஒரு சிறு காந்தம். எனவே அணுக்காந்தங்களின் அணிவகுப்பை அது சிதறும் விதத்திலிருந்து அறியலாம். முப்பரிமாண ஒழுங்கு இருந்தால் சிதறல் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். ஒழுங்கு குலையும் வெப்பநிலைக்கு மேலே அவர்கள் கண்டது புள்ளிகளை அன்று, நீண்ட கோடுகளை. ஒவ்வொரு தளமும் மற்றத் தளங்களைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் இயங்குவதன் அடையாளம் அது. பின்னர், ருபிடியம் கோபால்ட் புளோரைடு போன்ற படிகங்களில் காந்த ஒழுங்கு குறையும் விதம், ஒன்சாகர் கரும்பலகையில் எழுதிய சூத்திரத்தோடு நெருக்கமாக ஒத்துப்போனது.

ஆயினும் அவை முழுச் சுவடிகள். தனி ஏடுகள் அல்ல.

ஒட்டுநாடாவால் உரித்த ஏடு

2004இல் மான்செஸ்டர் நகரில் ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் செலோடேப் என்று நாம் சொல்லும் ஒட்டுநாடாவைக் கொண்டு பென்சிலில் உள்ள கிராபைட்டை உரித்து உரித்து ஓரணு ஏட்டைத் தனியே எடுத்தார்கள். 2010இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். கிராபைட்டின் ஏடுகள் எளிதில் பிரிவதற்குக் காரணம், அவற்றை ஒட்டிவைத்திருக்கும் வான் டெர் வால்ஸ் விசை மிக மெலிதானது என்பதே.

இங்கேதான் நம் இரண்டாவது ஆசிரியர் வருகிறார். யொகானஸ் வான் டெர் வால்ஸ் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு தச்சரின் மகன். தொடக்கப்பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, ஓய்வு நேரத்தில் படித்து, இடைநிலைப்பள்ளி ஆசிரியராகி, 1873இல் தம் 35 வயதில் முனைவர் பட்டம் பெற்றவர். 1910இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கிராபைட் காந்த ஒழுங்கு உடையதன்று. காந்தச் சுவடிகளிலிருந்து ஏடு உரிக்கும் வேலை அடுத்துத் தொடங்கியது. 2016இல் தென்கொரிய ஆய்வாளர்கள் இரும்பு பாஸ்பரஸ் கந்தகம் சேர்ந்த ஒரு படிகத்திலிருந்து ஒற்றை அடுக்கை உரித்தெடுத்தார்கள். இதில் அணுக்காந்தங்கள் ஏட்டுக்குச் செங்குத்தாக மேலும் கீழுமாக எதிரெதிர்த் திசைகளில் அணிவகுக்கும்; ஆகவே வெளியே காந்தவிசை தெரியாது. அந்த ஒழுங்கை எதைக் கொண்டு கண்டறிந்தார்கள் தெரியுமா? திருச்சிராப்பள்ளிக்கு அருகே பிறந்த சர் சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த இராமன் விளைவைக் கொண்டுதான். சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 155 பாகை செல்சியஸில் முழுப் படிகத்தில் தோன்றும் ஒழுங்கு, ஒற்றை ஏட்டிலும் ஏறக்குறைய அதே வெப்பநிலையில் தோன்றியது.

2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாவோடோங் சூ, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பாப்லோ ஹரியோ-ஹெரேரோ ஆகியோரின் குழுவினர் குரோமியம் அயோடைடு என்னும் படிகத்தை உரித்தார்கள். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் பொருள் ஆதலால், காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் புகாத பெட்டிக்குள் வேலை நடந்தது. ஓரடுக்கு ஏடு, சுழியத்திற்குக் கீழே 228 பாகை செல்சியஸ் வரை, அதாவது 45 கெல்வின் வரை, காந்தமாகவே இருந்தது! முழுப் படிகத்தின் எல்லை 61 கெல்வின். ஈரடுக்கில் ஒன்று மேலும் மற்றொன்று கீழும் நோக்கியதால் மொத்தக் காந்தம் மறைந்தது. மூன்றடுக்கில் மீண்டும் தோன்றியது.

இவ்வளவு மெல்லிய ஏட்டின் காந்தத்தை எப்படிப் பார்த்தார்கள்? காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத்தளம் சற்றுத் திரும்பியிருக்கும். அந்தச் சிறு திருப்பத்தை அளந்தார்கள். இதற்குக் கெர் விளைவு என்று பெயர். 1870களில் இதைக் கண்டறிந்த ஜான் கெர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கணித விரிவுரையாளராக இருந்தவர். நம் மூன்றாவது ஆசிரியர் இவரே.

மெர்மினும் வாக்னரும் இல்லை என்றார்களே, அது பொய்யா? இல்லை. எல்லாத் திசைகளும் சமமாக இருந்தால் என்பது அவர்களின் நிபந்தனை. குரோமியம் அயோடைடில் திசைகள் சமம் அல்ல. கனமான அயோடின் அணுக்களின் துணையால் ஏட்டுக்குச் செங்குத்தான திசைக்குச் சிறு முன்னுரிமை கிடைக்கிறது. அந்தச் சிறு சாய்வே நீண்ட அலைகளைத் தடுத்து ஒழுங்கைக் காக்கிறது.

2019இல் வெளிவந்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. முன்பு சொன்ன தென்கொரியப் படிகத்தில் இரும்புக்குப் பதிலாக நிக்கல் இருந்தால், அணுக்காந்தங்கள் ஏட்டின் தளத்திற்குள்ளேயே கிடக்க விரும்பும். அந்தப் படிகத்தில் ஈரடுக்கு வரை ஒழுங்கு நின்றது. ஒற்றை ஏட்டில் மறைந்தது. ஒரே அமைப்பு, ஒரே குடும்பம். உலோகம் மட்டும் வேறு. ஒன்றில் ஒழுங்கு நிலைத்தது, மற்றொன்றில் குலைந்தது.

திருத்திய விடைத்தாள்

மேல், கீழ் என்ற இரண்டே திசைகள் கொண்ட அந்தக் கணக்கு, உண்மைப் பொருளுக்குப் பொருந்தாத மிகை எளிமை என்றே ஒரு காலத்தில் கருதப்பட்டது. ஒற்றை ஏடு என்று வரும்போது, அந்தக் கணக்கு எதை எளிமையாக்கியதோ, அந்தத் திசைச்சார்புதான் காந்தத்தைக் காப்பாற்றுகிறது. அந்த ஏட்டை உரிக்க இடம் தந்தது ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பெயர் தாங்கிய விசை. அதன் காந்தத்தைக் காட்டியது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவரின் கண்டுபிடிப்பு.

ஐசிங் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரிலுள்ள பிராட்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்து 1976இல் ஓய்வு பெற்றார். ஆய்வுக் கட்டுரை எதையும் அவர் மீண்டும் எழுதவில்லை. 98ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், 1998 மே 11இல் காலமானார். 2017ஐ அவர் காணவில்லை.

அவருடைய 1925ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒரு விடைத்தாளாக என் மேசையில் வைத்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒற்றை வரிசைக்கான பகுதிக்கு முழுப் புள்ளிகள். இறுதி முடிவின்மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய கோடு. அத்தோடு தாளை மூடிக் கட்டிவைத்திருப்பேன். பையர்ல்ஸ் அப்படிச் செய்யவில்லை. முடிவு தவறு என்று கண்டும், கணக்கு நல்ல கணக்கு என்று எடுத்து மீண்டும் போட்டுப் பார்த்தார்.

காந்தத்தை உடைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று இனி எந்த மாணவர் கேட்டாலும் ஒற்றை வரியில் விடை சொல்லப்போவதில்லை. "எந்தப் பக்கமாக உடைக்கப்போகிறாய்?" என்று முதலில் திருப்பிக் கேட்க எண்ணியிருக்கிறேன்.